கூடப் படிச்சவ

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை என் காலேஜ் ரூம்மேட் வீட்டுக்கு வந்திருந்தா. ரெண்டு பேர் வீட்டுக்காரங்களும் பசங்களை இழுத்துக்கிட்டு வெளிய போயிட்டாங்க, எங்களுக்குன்னு முழுசா ஒரு மூணு மணி நேரம் கெடைச்சுது. எத்தனையோ பேசியிருக்கலாம். ஆனா இந்த வயசுல மூணு மணி நேரம் சும்மா கெடைச்சா என்ன பண்றதுன்னே தெரிய மாட்டேங்குது, சோபால காலை நீட்டிக்கிட்டு ஒரு படத்தைப் போட்டோம். புதுசா வந்த லவ் படம். பேர் வேணாம், நான் சொல்ல வர்ற விஷயத்துக்கு அது அவசியமும் இல்ல, ஏன்னா அந்தப் படத்தை நீங்க வேற வேற பேர்ல ஒரு இருபது தடவையாச்சும் பாத்திருப்பீங்க. காலேஜ், பைக், மழை, ரெண்டு பாட்டு, இன்டர்வெல் பக்கத்துல அந்தப் பொண்ணு செத்துப்போயிடுறா. அப்புறம் ஒரு சோகப் பாட்டு, அந்த ஒரு பாட்டு முடியறதுக்குள்ள ஹீரோவுக்கு நெஞ்சு வரைக்கும் தாடி வளந்துடுது, பாட்டில் வந்துடுது, ஃபிரெண்ட்ஸ் தோள்ல தாங்கிக் கூட்டிட்டு வர்றாங்க, அம்மா தலையைக் கோதிவிடுறாங்க.

எனக்கு இந்த மாதிரி சீன் வந்தாலே வாய் சும்மா இருக்காது. 1953ல தேவதாஸ் வந்துச்சு, இன்னும் அந்தத் தாடியை எவனும் எடுக்கலையேன்னு ஏதோ நக்கலா சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ, டிவியில இருந்து கண்ணை எடுக்காமலே, சொன்னா: "அவனுக்குத் தாடியாச்சும் வளக்க முடியுது பாரு."

அவ்ளோதான் சொன்னா. கோவமாவும் சொல்லல, அழுதுக்கிட்டும் சொல்லல. பருப்பு ரெண்டு விசில் போதும்னு சொல்ற மாதிரி சொன்னா. சொல்லிட்டு ரிமோட்டை எடுத்து பாஸ் பண்ணி, டீ போடுறேன்னு எந்திரிச்சுப் போயிட்டா. எனக்குத்தான் அங்கயே உக்கார முடியல. அன்னில இருந்து ஒரு மாசமா இந்த ஒரு வரி உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு, எழுதித் தொலைச்சாலாவது போகுமான்னு பாக்குறேன். அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேரு, ஊரு, காலேஜு எதுவும் வரக் கூடாதுன்னா, அதோட "ரொம்ப சோகமா எழுதாத, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு"ன்னும் சொன்னா.

எருக்கு

2006. நாங்க மூணாவது வருஷம். அவளும் அவனும் ரெண்டு வருஷமா லவ் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, அது தெரிஞ்சது உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான், எனக்கும் அவன் ஃபிரெண்ட் ஒருத்தனுக்கும். ஏன் அவ்ளோ ரகசியம்னு விளக்கணுமா என்ன, நம்ம ஊர்ல பொறந்தவங்களுக்குத் தெரியாததா. கிளாஸ்ல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க, அந்த அளவுக்குப் பேசிக்க மாட்டாங்கன்னா அதுலயே சந்தேகம் வரும்டின்னு நான் சொல்லுவேன். எல்லாமே எஸ்எம்எஸ்தான். அவகிட்ட ஒரு நோக்கியா 1100, அந்தக் காலத்துல யார்கிட்டதான் இல்ல, அதுல டார்ச் லைட் போட்டுக்கிட்டு போர்வைக்குள்ள படிப்பா.

ஒரு நாள் விடியக்காலை அந்த ஃபிரெண்ட் எனக்கு போன் பண்ணான். அவளுக்குப் பண்ணல. அவ லவ் பண்ணவன் ராத்திரி ஊருக்குப் போற வழியில, டெயில் லைட் இல்லாம ரோட்டோரம் நின்னுக்கிட்டிருந்த கரும்பு டிராக்டர்ல பைக்கை விட்டிருக்கான். "நீயே சொல்லிடு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டான். அவளை எழுப்பி எப்படிச் சொன்னேன்னு எனக்கு இப்ப நெசமாவே ஞாபகம் இல்ல. அவ ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போய் பல்லு வெளக்கினது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. ரொம்ப நேரம் வெளக்கினா.

டிபார்ட்மென்ட்ல ரெண்டு வேன் ஏற்பாடு பண்ணாங்க, கிளாஸ் மொத்தமா கெளம்பினோம். ஹாஸ்டல் அவுட்பாஸ் நோட்டுல "காரணம்"னு ஒரு கட்டம், "உறவு"ன்னு ஒரு கட்டம். காரணத்துல சாவுன்னு எழுதினா. உறவுங்கிற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்னுடுச்சு. பின்னாடி வரிசையில இருவது பொண்ணுங்க நிக்குறாங்க. நான் எட்டிப் பாத்து "கிளாஸ்மேட்னு போடுடி"ன்னேன். போட்டா. அன்னிக்கு நான் பண்ண முதல் வேலை அது.

எழவு வீட்டை நான் விவரிக்கப் போறதில்ல, எல்லாரும் பாத்திருக்கோம். அங்க ஒண்ணை மட்டும் நான் அதுக்கு முன்னாடி கவனிச்சதே இல்ல. நம்ம சாவு வீட்டுல ஒவ்வொரு உறவுக்கும் ஒரு எடம் இருக்கு. பங்காளிக்கு ஒரு வேலை, மாமன் மச்சானுக்கு ஒரு வேலை, தாய்மாமன் வீட்டுல இருந்து கோடி வரணும், யாரு எப்ப தண்ணி எடுக்கணும், யாரு எங்க நிக்கணும்னு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. அழறதுக்கும் இருக்கு. பொம்பளைங்க வட்டமா கட்டிப்புடிச்சுக்கிட்டு அழறாங்களே, அந்த ஒப்பாரியில ஒவ்வொரு அடியும் ஒரு முறையைச் சொல்லித்தான் ஆரம்பிக்குது, நான் பெத்த மவனே, என் கூடப்பொறந்த சாமி, என் அண்ணன் பெத்த ராசான்னு. முறை இல்லாம ஒரு அடியை ஆரம்பிக்கவே முடியாது. ஒவ்வொருத்தியா புதுசா வந்து அந்த வட்டத்துக்குள்ள போறா, அழறா, வெளிய வர்றா. எங்க கிளாஸ் பசங்க தரையில விழுந்து பொரண்டு அழறானுங்க, பெரியவங்க வந்து தூக்கித் தண்ணி குடுக்குறாங்க. இவ செவுத்தோரமா நாங்க பத்துப் பதினஞ்சு பொண்ணுங்க நின்ன எடத்துல, துப்பட்டா முனையை வாயில வச்சுக்கிட்டு நின்னா. மத்த பொண்ணுங்க எவ்ளோ அழுதாங்களோ அதை விட ஒரு சொட்டு அதிகமா அழுதுடக் கூடாதுன்னு கணக்குப் பண்ணி அழுதான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது, ஏன்னா நானும் அவளைப் பாத்துக்கிட்டே அதே கணக்கைத்தான் போட்டுக்கிட்டு நின்னேன்.

மதியம் எடுக்குற நேரத்துல ஒரு பெரியவர் எருக்கம்பூ மாலை ஒண்ணு கொண்டு வந்தார். அதை அவன் கழுத்துல போட்டாங்க. அப்புறம் ஒரு எருக்கங்குச்சி, அதுல மஞ்சக்கயிறைக் கட்டி அவன் பக்கத்துல வச்சாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல நின்ன ஒரு அம்மா எங்களைப் பாத்து, டவுன் புள்ளைங்கன்னு நெனச்சு, பொறுமையா சொன்னாங்க: "கல்யாணம் ஆவாத புள்ளைம்மா. அப்படியே அனுப்பக் கூடாது. கன்னி கழிச்சு அனுப்பணும்." இது எல்லாச் சாதியிலயும் கெடையாது, செடியும் மொறையும் ஊருக்கு ஊரு மாறும், ஆனா ரொம்பப் பழைய வழக்கம். மெட்ராஸ் மியூசியத்தை நிர்வகிச்ச எட்கர் தர்ஸ்டன்ங்கிற வெள்ளைக்காரரோட, 1909ல வந்த ஜாதிகள் பத்தின தொகுப்புலயே கன்னி கழித்தல்ங்கிற பேரும் எருக்கம்பூ மாலையும் பதிவாகியிருக்கு. அதெல்லாம் பல வருஷம் கழிச்சு நான் தேடிப் படிச்சது. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது இது மட்டும்தான்: ரெண்டு வருஷமா அவனைக் கட்டிக்கணும்னு உசுரை வச்சுக்கிட்டிருந்தவ பத்தடி தள்ளி நிக்குறா, அவனுக்கு அவ கண்ணு முன்னாடி ஒரு குச்சியோட கல்யாணம் நடக்குது. அவ அவன் முகத்தைப் பாக்கல. அந்தக் குச்சியையேதான் பாத்துக்கிட்டிருந்தா.

மூணு மணிக்கு வேன் கெளம்பணும். பொண்ணுங்க எல்லாம் வரிசையா போய் அவங்கம்மா கையைப் புடிச்சு எதையோ சொல்லிட்டு வந்தோம். இவ முறை வந்தப்போ அந்தம்மா கையை விடல. ஏன்னு தெரியல, இவ மூஞ்சியில எதையோ பாத்திருக்கணும். அழுது அழுது தொண்டையே இல்ல அவங்களுக்கு, காத்துதான் வருது, அந்தக் காத்துல கேட்டாங்க, "நீ யாரும்மா?"

இவ வாயைத் தொறந்தா. தொறந்தது நெசம், நான் பக்கத்துலதான் நின்னேன். அதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "கூடப் படிச்சவம்மா. நாங்க எல்லாம் ஒரே கிளாஸ்."

அந்தம்மா தலையை ஆட்டினாங்க. "கூடப் படிச்சவங்க எல்லாரும் இருக்கீங்க, அவன் மட்டும் இல்லையே"ன்னாங்க. கையை விட்டுட்டாங்க. நாங்க வேன் ஏறினோம்.

யாருக்கு மடல், யாருக்கு நாணம்

நாலாம் நாள் எங்களுக்கு இன்டர்னல் டெஸ்ட். அவ எழுதினா. என்னை விட நல்ல மார்க் வேற வாங்கினா. அந்த போன் மட்டும்தான் வெளிய தெரிஞ்ச ஒரே அடையாளம். அந்த போன்ல இன்பாக்ஸ் கொஞ்சத்துலயே நெறஞ்சுடும், பழசை அழிச்சாத்தான் புதுசு உள்ள வரும். அவ ஒண்ணைக்கூட அழிக்கல. ஸ்க்ரீன் மேல அந்தக் கவர் சிம்பல் மின்னிக்கிட்டே இருக்கும், யாரு அனுப்புறதும் வராது, அவங்க வீட்டுல இருந்து எனக்குத்தான் மெசேஜ் அனுப்புவாங்க, அவளைப் பேசச் சொல்லும்மான்னு. படிப்பு முடியற வரைக்கும் அந்தக் கவர் மின்னிக்கிட்டேதான் இருந்துச்சு. அதைப் பாத்து யாரும் எதுவும் கேக்கல, போன்ல மெமரி கம்மின்னு நெனச்சிருப்பாங்க.

இந்தத் தாடி விஷயத்துக்கு வர்றேன். அவ சொன்னதுக்கு அப்புறம் நான் மண்டைக்குள்ள பழைய படம் எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தேன். 2008ல வந்த வாரணம் ஆயிரத்துல மேக்னா செத்ததுக்கு அப்புறம் அந்தப் பையன் தாடியும் போதையுமா ஆளே ஒடைஞ்சு போவான். எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி அது. ஆனா இப்ப பாக்கும்போது வேற ஒண்ணு கண்ணுல படுது. அவன் அப்பா அம்மாவுக்கு அவன் எதுக்கு அழறான்னு தெரியும். அவன் கதவைச் சாத்திக்கிட்டா வெளிய நின்னு துடிக்க ஆளு இருக்கு. அவன் ஒடைஞ்சு போறதுக்கே ஒரு வீடு எடம் குடுக்குது. தாடிங்கிறது மயிர் இல்லைங்க, அது ஒரு போர்டு. உள்ள ஒருத்தன் துக்கத்துல இருக்கான், பாத்து நடந்துக்கோங்கன்னு ஊருக்கு மாட்டி வச்ச போர்டு. டீக்கடைக்காரருக்குக்கூட அது புரியும்.

பொண்ணு பக்கத்துல இருந்து இதைச் சொன்ன படம்னு யோசிச்சா 1986ல மணிரத்னம் எடுத்த மௌன ராகத்துக்குத்தான் போய் நிக்க வேண்டியிருக்கு. மனோகர் ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு வர்ற அன்னிக்கு போலீஸ் குண்டு பட்டு செத்துப்போறான், திவ்யா கண்ணு முன்னாடியே. அதுக்கு அப்புறம் அவ என்ன ஆனா? பொண்ணு பாக்க வராங்கன்னு அலங்காரம் பண்ணச் சொல்றாங்க, அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு கல்யாணத்துக்கு ஒத்துக்குறா, டெல்லிக்குப் போறா, புருஷன் என்ன வேணும்னு கேட்டா டைவர்ஸ் வேணும்ங்கிறா. சின்ன வயசுல பாக்கும்போது என்ன திமிரு இவளுக்கு, மோகன் எவ்ளோ நல்லவருன்னு எங்க வீட்டுல எல்லாரும் பேசிப்போம். படம் முழுக்க அந்தப் பொண்ணு எழவு வீட்டுல இருக்கா, அது எழவு வீடுன்னு அவளைத் தவிர யாருக்கும் தெரியாது, அதனால அவ துக்கம் பாக்குறவங்களுக்குத் திமிரா தெரியுது. இதை நான் கண்டுபிடிக்க எனக்கு நாப்பது வயசு ஆக வேண்டியிருந்துச்சு.

இதுக்கு ஒரு பேரும் இருக்கு. கென்னத் டோகாங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1989ல இதைப் பத்தி ஒரு புக் கொண்டு வந்தார், டிஸ்என்ஃப்ரான்சைஸ்டு கிரீஃப்னு சொல்லுவாங்க. நம்ம பாஷையில சொன்னா உரிமை இல்லாத துக்கம். செத்தவங்களோட உனக்கு இருந்த உறவை ஊரு ஒத்துக்கலன்னா, உனக்கு நஷ்டம் வந்ததையும் ஊரு ஒத்துக்காது, நீ அழறதுக்கு நியாயம் இல்லாமப் போயிடும். ரகசியக் காதல், கள்ள உறவு, விவாகரத்து ஆன பழைய புருஷன் பொண்டாட்டி, கருவுலயே கலைஞ்ச குழந்தை எல்லாம் இதுக்குள்ள வரும். துக்கம்னாலே எல்லாரும் அந்த அஞ்சு படிக்கட்டைத்தான் சொல்லுவாங்க, மறுப்பு, கோவம், பேரம்னு. அது 1969ல எலிசபெத் கூப்லர் ராஸ் எழுதினது, அதுவும் சாகப்போற நோயாளிங்களைப் பத்தி எழுதினது, நாமதான் அதை எடுத்து மிச்சம் இருக்குறவங்க தலையில கட்டிட்டோம். என் ஃபிரெண்டுக்கு அந்தப் படிக்கட்டுல முதல் படியே கெடையாது. அவ எதையும் மறுக்கல. அவளைத்தான் எல்லாரும் மறுத்தாங்க. இல்ல, எல்லாரும்னு சொல்லக் கூடாது, மத்தவங்களுக்குத் தெரியவே தெரியாதே. தெரிஞ்சு மறுத்தது நான்தான்.

அந்த எருக்கு மட்டும் எனக்கு மனசை விட்டுப் போகல. ஒரு நாள் குறுந்தொகையைப் பொரட்டிக்கிட்டு இருந்தப்போ 17ஆம் பாட்டுல அதே பூ வந்து நின்னுச்சு. காதல் முத்திப்போன ஆம்பளை பனைமட்டையைக் குதிரையாக்கி ஏறுவான், தலையில எருக்கம்பூ கண்ணியைச் சூடிப்பான், தெருவுல வருவான், ஊரே சிரிக்கும், அப்படியாச்சும் பொண்ணு வீட்டுக்காரங்க ஒத்துக்குவாங்கன்னு. மடலேறுறதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். ரகசியமா இருந்த காதலை ஊருக்கு அறிவிக்கிறதுக்கு வச்ச பூ அது, எருக்கு. எழவு வீட்டுல அவன் கழுத்துல கெடந்ததும் எருக்கு. இது ரெண்டுக்கும் நேரடியா சம்பந்தம் உண்டுன்னு நான் சொல்ல வரல, அதைச் சொல்ற அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்ல. ஆனா அந்தப் பாட்டைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

இன்னொண்ணும் அதே எடத்துல இருக்கு. பொம்பளைங்க மடலேறக் கூடாது. தொல்காப்பியமே எந்தத் திணையிலயும் அந்த வழக்கம் கெடையாதுன்னு சொல்லிடுது. வள்ளுவர் ஒரு படி மேல போய், கடல் மாதிரி காமம் கஷ்டப்படுத்தினாலும் மடலேறாம இருக்கா பாரு, அதை விடப் பெருமை வேற இல்லன்னு 1137ஆம் குறள்ல பாராட்டே பண்ணிடுறார். மடலேறுவேன்னு சொல்ற பொண்ணு குரல் ஒண்ணு இருக்கு, திருமங்கையாழ்வாரோட திருமடல்ல, ஆனா அந்தக் குரலுக்குள்ள இருந்து பாடுறதும் ஒரு ஆம்பளைதான். அப்ப மடல், இப்ப தாடி. வெளிய சொல்லிக்கிற வேலை எப்பவும் அவனுக்கு, வாயில துப்பட்டாவை வச்சுக்கிற வேலை இவளுக்கு, அதுக்கு மேல ஒரு பாராட்டுப் பத்திரம். வள்ளுவர் மேல எனக்கு மரியாதை உண்டு, இந்த ஒரு குறளை மட்டும் நான் என் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்க மாட்டேன்.

இருட்டு

இதெல்லாம் எழுதுறப்போ நான் இந்தப் படங்களைத் திட்டப் போறேன்னு நீங்க நெனைக்கலாம். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். முதல் காதலைக் கொன்னாத்தான் ரெண்டாவது காதலுக்கு ரூட் கிளியர் ஆகும்னு திரைக்கதை எழுதுறாங்க, செத்தவளுக்கு ஒரு போட்டோ, ஒரு மாலை, ரெண்டு வரி வசனம், அவ்ளோதான் மரியாதைன்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு காண்டு உண்டு. அந்தக் காண்டு இப்பவும் முழுசா போயிடல. ஆனா 2013ல நடந்த ஒரு விஷயத்தை அவ அன்னிக்கு டீ குடிக்கும்போதுதான் சொன்னா, அவன் செத்து ஏழு வருஷம் கழிச்சு நடந்தது, இத்தனை நாள் என்கிட்டயே சொன்னதில்ல.

அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம். வீட்டுக்காரரோட ராஜா ராணி பாக்கப் போயிருக்கா. அந்தப் படத்துல நஸ்ரியா ரோட்டுல அடிபட்டுச் சாகுற சீன் வருமே. தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு. இவளுக்கு மொதல்ல கண்ணுல கொஞ்சமா வந்துச்சாம், அப்புறம் நிக்கலையாம். அப்புறம் சத்தம் வந்துச்சாம். "எங்க இருந்து வருதுன்னே தெரியலடி, வயித்துக்குள்ள இருந்து வந்துச்சு, முன்னாடி சீட்டுல இருந்த ஒரு அக்கா திரும்பிப் பாத்தாங்க, பாத்துட்டு அவங்களும் அழ ஆரம்பிச்சுட்டாங்க." வீட்டுக்காரர் கைக்குட்டையைக் குடுத்தாராம். அப்புறம் தண்ணி வேணுமான்னு கேட்டாராம். எவ்ளோ சாஃப்ட்டான பொண்டாட்டின்னு சந்தோஷமாக்கூட இருந்திருக்கும் மனுஷனுக்கு. அன்னிக்கு ராத்திரி அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. அவர் ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு, "அவங்க அம்மா இருக்காங்களா?"ன்னு கேட்டாராம். எனக்கு அவரை எப்பவுமே புடிக்கும், இப்ப இன்னும் கொஞ்சம்.

நான் யோசிச்சுப் பாக்குறேன். முறை சொல்லாம அழக்கூடிய எடம் நம்ம ஊர்ல எங்க இருக்கு? கோயில்ல அழுதா என்னம்மா பிரச்சனைன்னு கேப்பாங்க. பஸ்ல அழுதா பக்கத்து சீட்டு அம்மா நம்ம குடும்பம் மொத்தத்தையும் விசாரிச்சுடும். பாத்ரூம்ல பைப்பைத் தொறந்துவிட்டு அழலாம், ஆனா அதுல கூட அழறதுக்கு ஆளு கெடையாது. தியேட்டர்ல மட்டும்தான் அறநூறு பேரோட சேந்து அழலாம், நீ யாரும்மான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் நஸ்ரியாவுக்கு அழறதா நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. அந்த அறநூறு பேர்ல இன்னும் எத்தனை பேரு வேற யாருக்காகவோ அழுதாங்களோ. நான் அச்சுல வார்த்தது, அரைச்ச மாவுன்னு நக்கல் பண்ற சீன், எவளோ ஒருத்திக்கு ஏழு வருஷம் கழிச்சுக் கெடைச்ச ஒப்பாரி வட்டமா இருந்திருக்கு. அது நல்ல சீனான்னு கேட்டா, இல்ல, இப்பவும் இல்லைன்னுதான் சொல்லுவேன். அதான் எனக்குக் கடுப்பா இருக்கு.

2022ல வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல நீடிச்ச துக்கத்தை ஒரு நோயாவே சேத்திருக்காங்க, பெரியவங்களுக்குச் சாவு நடந்து குறைஞ்சது 12 மாசம் தாண்டியும் அது மனுஷனை எந்திரிக்க விடாம அழுத்தினா கவனிக்கணும்னு. தப்பு சொல்லல, நெசமாவே உதவி தேவைப்படுறவங்களுக்கு அது ஒரு வழி. ஆனா எனக்கு என் ஃபிரெண்டோட காலண்டர்தான் ஞாபகம் வந்துச்சு. அவளுக்கு அந்த 12 மாசத்தை எந்த நாள்ல இருந்து எண்ணுறது? டிராக்டர்ல இருந்தா, தியேட்டர்ல இருந்தா?

அன்னிக்கு டீ ஆறிப்போச்சு. படம் பாஸ்லயே நிக்குது, டிவியில அந்தத் தாடிக்காரன் வாயைப் பாதி தொறந்த மேனிக்கு ஒறஞ்சு போயிருக்கான். நான் கேக்கணும்னு கேக்கல, வாய் தானா கேட்டுடுச்சு. "அன்னிக்கு அவங்கம்மா கேட்டப்போ நான் குறுக்க பேசிட்டேன்ல."

"ஆமா"ன்னா. மறந்திருப்பான்னு நெனச்சேன். அவ கொஞ்சம்கூட யோசிக்காம ஆமான்னா.

"உன்னைக் காப்பாத்துறேன்னு நெனச்சுட்டேன்டி. அத்தனை சொந்தக்காரங்க நின்னாங்க. நீ ஏதாச்சும் சொல்லி, எவனாவது கேட்டு, உங்க வீட்டுக்குப் போய்..."

"தெரியும்டி."

"நான் பேசாம இருந்திருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

அவ டம்ளரை உருட்டிக்கிட்டே இருந்தா. கீழ பசங்க வந்துட்டாங்க போல, லிஃப்ட் சத்தம் கேட்டுச்சு. "கூடப் படிச்சவன்னுதான் சொல்லியிருப்பேன்னு நெனக்கிறேன்"ன்னா. "எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன. நீ சொன்ன அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன்." அப்புறம் கொஞ்சம் நிறுத்திட்டு, "ஆனா நான் சொல்லியிருப்பேன்ல"ன்னா.

காலிங் பெல் அடிச்சுது. அவ சின்னவன் ஓடி வந்து மடியில ஏறி, ரிமோட்டைப் புடுங்கி பிளேயை அமுக்கினான். மீதிப் பாட்டு ஓட ஆரம்பிச்சுது. "இந்த மாமா ஏன்மா அழறாரு?"ன்னு கேட்டான்.

"அவரோட ஃபிரெண்டு செத்துட்டாங்கடா"ன்னு நான்தான் சொன்னேன், மறுபடியும் நான்தான் முந்திக்கிட்டேன். அவ என்னைத் திரும்பிப் பாத்தா. "ஃபிரெண்டு இல்லடா"ன்னு அவன்கிட்ட சொன்னா, "அவருக்கு ரொம்பப் புடிச்ச பொண்ணு."